குரல்வளை மூடியும் புதன்கிழமை ஊசியும்

சாப்பிடும்போது யாருக்காவது புரை ஏறினால் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ உன்னை நெனைக்கிறாங்க" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். மருமகளுக்கு ஏறினால் "உங்க அம்மாவாத்தான் இருக்கும்" என்று ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். யார் நினைக்கிறார்களோ இல்லையோ, உள்ளே நடப்பது இதுதான்: சோற்றுப் பருக்கையோ தண்ணீரோ உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாயின் வாசலைத் தொட்டுவிட்டது. உடம்பு அதை இருமி வெளியே தள்ளுகிறது.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை விழுங்குகிறோம். புரை ஏறுவது எப்போதோ ஒரு தடவைதான். நாக்கின் அடிவேருக்குப் பின்னால் நிற்கும் ஒரு சின்ன இலைக்கு இதில் பங்கு உண்டு. பள்ளிப் பாடப் புத்தகத்தில் குரல்வளை மூடி என்று இருக்கும். டாக்டர்கள் எபிகிளாட்டிஸ் என்பார்கள். காது மடலில் இருக்கிற அதே வகைக் குருத்தெலும்பு. மடக்கினால் மடங்கும், விட்டால் நிமிரும். மூச்சு விடும்போது நிமிர்ந்து நிற்கும். விழுங்கும்போது குரல்வளை மொத்தமும் மேலே எழும்பும். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள், தெரியும். அது எழும்பும்போது இந்த இலை பின்பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாசலைப் பொத்திக்கொள்ளும். எல்லாம் ஒரு நொடிக்குள். கூடவே குரல் நாண்களும் இறுக மூடிக்கொள்வதால் காவல் இரட்டைக் காவல். அதனால்தான் புற்றுநோய்க்காக இந்த மூடியை எடுத்துவிட்டவர்கள்கூடக் கொஞ்ச நாள் பயிற்சிக்குப் பிறகு சாப்பிடப் பழகிவிடுகிறார்கள்.

ஆக, மூடி இல்லாமல் போனால் சமாளித்துக்கொள்ளலாம். அது வீங்கினால்தான் ஆபத்து. வாசலுக்கு நேர் மேலே நிற்கிற இலை அல்லவா? வீங்கினால் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் மெல்லிய இலையாகத் தெரிய வேண்டியது கட்டைவிரல் மாதிரி உருண்டு தெரியும். அதற்குக் கட்டைவிரல் அடையாளம் என்றே பெயர். குழந்தைகளுக்கு இந்த வீக்கம் வந்தால் காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ராத்திரிக்குள் போய்விடலாம்.

இதை எதற்கு இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், குழந்தைகளுக்கு இந்த வீக்கத்தை உண்டாக்கும் முக்கியமான கிருமிக்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அது புதன்கிழமை புதன்கிழமை இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஊரைச் சுற்றி இருக்கிற செங்கல் சூளைப் பிள்ளைகளில் பலருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கச் செய்வது நர்ஸ் ஒருத்தியின் வேலை மட்டுமல்ல, சும்மா உட்கார்ந்திருக்கிற நம் வேலையும்தான் என்பது என் கட்சி. முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் பனியிலும் மழையிலும் குதிரையில் தன் பண்ணையைச் சுற்றிவிட்டு வந்தார். மறுநாள் தொண்டை கட்டியது. அதற்கு அடுத்த நாள், டிசம்பர் 14, மூச்சு முட்டி இறந்துபோனார். வயது 67. வெல்லப்பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் திணறினார். மூன்று டாக்டர்கள் கூடி நின்று லிட்டர் கணக்கில் ரத்தத்தை வடித்து எடுத்தார்கள். அந்தக் கால வைத்தியம் அது. மூவரில் இளையவர் எலிஷா டிக். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்யலாம் என்று அவர் சொன்னார். மூத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறிப்புகளைப் பின்னால் படித்துப் பார்த்த மருத்துவர்கள் பலர், அவரைக் கொன்றது குரல்வளை மூடி வீக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு நாட்டையே உண்டாக்கியவருக்குக் கிடைக்காத வைத்தியம் இன்றைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் கூலிக்காரர் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் அங்கே உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

குழந்தைகளிடம் இந்த வேலையைச் செய்யும் கிருமியின் பெயர் ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா. பெயரே தப்பு. 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர், அப்போது பரவிக்கொண்டிருந்த ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று நினைத்தார். ஃப்ளூ வைரஸால் வருவது என்று பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1931-ல் மார்கரெட் பிட்மேன் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இந்தக் கிருமியில் சிலவற்றுக்கு மேல் உறை உண்டு, அந்த உறையை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். அதில் பி வகைதான் குழந்தைகளைக் கொல்கிறது. சுருக்கமாக ஹிப். தொண்டையில் மட்டும் நிற்காது. மூளை உறைக் காய்ச்சல், நிமோனியா இரண்டுக்கும் அது காரணம். மூளை உறைக் காய்ச்சலில் பிழைத்த பிள்ளைகளுக்குக் காது கேட்காமல் போவது, கை கால் இழுத்துக்கொள்வது எல்லாம் உண்டு.

ஊசி தயாரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கிருமியின் மேலுறை ஒரு வகைச் சர்க்கரை. பெரிய பிள்ளைகளின் உடம்புக்கு அதை எதிரி என்று தெரியும். கைக்குழந்தையின் உடம்புக்குத் தெரியாது. 1985-ல் அமெரிக்காவில் வந்த முதல் ஊசி அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. பிறகு அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தார்கள். நாம் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு யுக்தி. புரதத்தைப் பார்த்து விழித்துக்கொள்ளும் உடம்பு, கூடவே சர்க்கரையையும் அடையாளம் கண்டுகொள்ளும். 1990-லிருந்து அங்கே இரண்டு மாதக் குழந்தைக்கே போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 20,000 அமெரிக்கக் குழந்தைகளைப் பிடித்த நோய் 99 சதவீதம் குறைந்துபோனது. ஃபின்லாந்தில் குழந்தைகளின் குரல்வளை மூடி வீக்கம் அடியோடு மறைந்ததை 1994-லேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். இளைய டாக்டர்களில் பலர் இப்படி ஒரு குழந்தையை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நம் நாட்டில் கதை வேறு. "இந்தியாவில் ஹிப் ஒரு பிரச்சினையே இல்லை, எதற்கு இந்த ஊசி?" என்று பெரிய பெரிய டாக்டர்களே கேட்டார்கள். கேட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நம் மருத்துவமனைப் பதிவேடுகளில் குரல்வளை மூடி வீக்கம் என்ற பெயர் மிக அபூர்வம். அந்த அபூர்வத்துக்குக் காரணம் என்ன என்பதில்தான் சண்டை. ஏழை நாடுகளில் இந்தக் கிருமி பிள்ளைகளை ரொம்பச் சின்ன வயதிலேயே, ஒரு வயதுக்குள்ளேயே தாக்கிவிடுகிறது. அப்போது அது மூளை உறைக்கும் நுரையீரலுக்கும் போகிறது. மூடி வீக்கம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நோய். இது ஒரு விளக்கம்.

இன்னொன்று, தேடாததால் கிடைக்கவில்லை என்பது. இந்தக் கிருமி சாதாரண ஊடகத்தில் வளராது. ரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்த சாக்லேட் அகார் என்ற ஊடகம் வேண்டும். பெயர்தான் சாக்லேட், நிறத்துக்காக வைத்தது. ருசிக்காக யாரும் கேட்க வேண்டாம். அந்த வசதி உள்ள ஆய்வகம் அந்தக் காலத்தில் எத்தனை ஊரில் இருந்தது? அதுவும் குழந்தை அங்கே போய்ச் சேருவதற்குள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இரண்டு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருக்கும். பிறகு எந்தக் கிருமி முளைக்கும்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் மற்ற மருத்துவமனைகளோடு சேர்ந்து இதை முறையாகத் தேடினார்கள். தேடிய இடத்தில் ஹிப் இருந்தது. மூளை உறைக் காய்ச்சல் வந்த குழந்தைகளிடம் நன்றாகவே இருந்தது.

நான் பார்த்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிது. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மூன்று வயதுப் பையன். நான் போனபோது அம்மா மடியில் படுக்க மறுத்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, மோவாயை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. அழக்கூட இல்லை, அவன் கண் மட்டும் எல்லோரையும் பார்த்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு விசில் சத்தம். அரிசி லாரி ஒன்றை நிறுத்தி ஏற்றி அனுப்பினோம். ஸ்டான்லி போய்ச் சேரவில்லை. செங்குன்றம் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. பதிவேட்டில் "காய்ச்சல், மூச்சுத் திணறல்" என்று ஏறியது. தொண்டை அடைப்பானாக இருந்திருக்கலாம், இதுவாகவும் இருந்திருக்கலாம். இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. நம் ஊரில் இந்த நோய் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பதிவேட்டு வரிதான் ஞாபகத்துக்கு வரும்.

2008-ல் மத்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு ஹிப் ஊசியைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே 2008 ஏப்ரலில் என்ன நடந்தது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 23-ஆம் தேதி, நம் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்துபோனார்கள். நாடு முழுக்கப் பேசினார்கள். ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கவே எங்களுக்குப் பயமாக இருந்த நாட்கள் அவை. நடந்ததை லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. பயந்த தாய்மார்களை அறியாதவர்கள் என்று திட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு வீட்டில் தொட்டில் காலியானால் பக்கத்து வீடு பயப்படத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவமனையிலும்தான் ஊசி போட வேண்டும், ஊருக்குள் போய்ப் போடக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் விலை உண்டு. ஊருக்குள் ஊசி வந்தால் இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்துவிடுவாள். பஸ் ஏறிப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போச்சு. தேசிய குடும்ப நல ஆய்வுக் கணக்கைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் முழுமையாகப் போட்ட குழந்தைகள் 2005-06-ல் 80.9 சதவீதம், 2015-16-ல் 69.7 சதவீதம். நாம் முன்மாதிரி மாநிலம் என்று மார் தட்டிக்கொண்டிருந்த பத்து வருடத்தில் பதினோரு சதவீதம் சரிந்தது. இதற்கு இந்த ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரிய காரணம் என்று வயலில் நடந்தவள் என்ற முறையில் சொல்வேன். பிற்பாடு நிலைமை மாறி, 2019-21 ஆய்வில் 89.2 சதவீதம் வந்தது.

இலங்கையிலும் அதே 2008 ஏப்ரல்தான். ஜனவரியில் ஆரம்பித்த ஐந்து நோய் ஊசியை, சில குழந்தைகள் இறந்ததால் நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் ஆராய்ந்து, மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றார்கள். 2010-ல் இலங்கை மறுபடியும் ஆரம்பித்தது. இங்கே 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்த ஊசிக்கு எதிராகப் பொதுநல வழக்கு. இத்தனைக்கும் நடுவில், 2011 டிசம்பரில், இந்தியாவிலேயே முதலில் இரண்டு மாநிலங்களில் ஐந்து நோய் ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது. ஒன்று கேரளா, இன்னொன்று நாம்.

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சள் காமாலை, ஹிப். ஐந்துக்கும் ஒரே குத்து. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். இடது தொடையில். அந்த முதல் புதன்கிழமைகளில் தாய்மார்களுக்கு விளக்குவதற்குள் எங்களுக்கு நாக்கு வறண்டுவிடும். "அஞ்சு ஊசியையும் ஒண்ணாப் போட்டா பச்சப் புள்ள தாங்குமாம்மா?" என்று ஒரு பாட்டி கேட்டார். "தனித்தனியாக் குத்தினாத்தான் பாட்டி தாங்காது" என்றேன். சிரித்துக்கொண்டே பிள்ளையை நீட்டினார். திருவள்ளூர் மாவட்டத்தில், 2008-க்கு மூன்றே வருடம் கழித்து, அப்படி நீட்டிய கைகளை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து பேசுகிற நிபுணர்கள் இதை எல்லாம் எழுதுவதில்லை.

இப்போது சூளைக்கு வருகிறேன்.

செங்குன்றம் தாண்டிப் பெரியபாளையம் பக்கம் போனாலும், ஊத்துக்கோட்டை பக்கம் போனாலும் செங்கல் சூளைகள். பொங்கல் சமயத்தில் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஜூன் வரை இருப்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வருகிற வடநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் தனி ஆட்கள். சூளைக்கு வருகிறவர்கள் கைக்குழந்தையோடு வருகிறார்கள். கணவன் மண் குழைக்க, மனைவி அச்சில் அறுக்க, பக்கத்தில் சேலைத் துணியில் பிள்ளை தூங்கும்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. முதல் ஊசியை ஒடிசாவில் போட்டிருப்பார்கள். இரண்டாவது விழ வேண்டிய வாரத்தில் ரயிலில் இருப்பார்கள். மூன்றாவது விழ வேண்டிய நேரத்தில் சூளையில். அட்டை ஊரில் மாமியார் பெட்டியில் இருக்கும். அரசுத் திட்டத்தில் இந்த ஐந்து நோய் ஊசியை முதல் பிறந்தநாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். அதற்குள் ஒரு டோஸாவது போட்டிருந்தால் மீதியைப் பின்னால் முடித்துக்கொள்ளலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒன்றுமே போடாமல் ஒரு வயது தாண்டிவிட்டால் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் வேறு ஊசி இருக்கிறது, ஹிப் கிடையாது. தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம்தான். செங்கல்லுக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

போன சீசனில் இப்போதைய நர்ஸ் பெண்ணோடு ஒரு சூளைக்குப் போனேன். என் மகளைவிடச் சின்னவள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வயதுக்குக் கீழே ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று பேரிடம்தான் அட்டை. மேஸ்திரி நல்ல மனுஷன்தான், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஆனால், "நர்ஸம்மா, இவங்க ஆறு மாசத்துல போயிடுவாங்க. எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?" என்றார்.

"அந்தக் கொழந்தை பொறந்தே ஆறு மாசந்தாம்பா ஆவுது" என்றேன்.

எனக்கு ஒடியா தெரியாது. டிகா என்றால் ஊசி என்று மட்டும் தெரியும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, தொடையைத் தட்டிக் காட்டி, விரலை மடக்கி எத்தனை என்று கேட்டு, பாதிக்கு மேல் விவரம் வாங்கிவிட்டோம். ஒரு பெண் ஊரில் இருந்த தன் தங்கைக்குப் போன் போட்டு அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். பத்து நிமிடத்தில் வந்தது. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. போய் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த நர்ஸ் பெண்ணுக்கோ கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆன்லைன் பதிவு என்று ஆயிரம் வேலை. நமக்கு?

அரசின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. தடுப்பூசி விவரத்தை நாடு முழுக்க ஒரே இடத்தில் பார்க்க யூ-வின் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் கணினியில் பேர் இல்லாத பிள்ளையை அது தானாகத் தேடிப் போகாது. சூளைகளுக்கு உரிமம் கொடுக்கும்போதே எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை என்று வட்டார சுகாதார அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் என்ன? ஜனவரி கடைசியில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை, மேயில் ஒரு தடவை, சூளைக்கே ஊசிப் பெட்டி போனால் மூன்று டோஸும் இங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. நம் அரசு அட்டவணையில் ஒன்றரை வயதில் முத்தடுப்பு ஊசி மறுபடி உண்டு. ஹிப் மறுபடி இல்லை. தனியார் குழந்தை மருத்துவர்கள் போடுகிறார்கள். பிரிட்டனில் 1992-ல் பூஸ்டர் இல்லாமல்தான் ஆரம்பித்தார்கள். சில வருடத்தில் நோய் மறுபடி தலைதூக்க, 2003-ல் தனி முகாம் வைத்து, 2006-லிருந்து பூஸ்டரை வழக்கமாக்கினார்கள். நமக்கும் வேண்டுமா என்பதை நம் ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து ஆராய்ச்சியாளர்கள்தான் சொல்ல வேண்டும். தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது, நமக்கு ஒரு பஸ் தூரம்.

நமக்கு என்ன என்று நினைக்கிற என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி வந்த நாடுகளில் குழந்தைகளிடமிருந்து விலகிய இந்த வீக்கம் இப்போது பெரியவர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. வேறு கிருமிகளாலும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அடையாளம் இது: தொண்டை வலி பொறுக்க முடியாத அளவு இருக்கும், வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குரல் அமுங்கும். எச்சில் விழுங்க முடியாது. மூச்சில் சத்தம் வரும். அப்போது மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே இருக்கட்டும். குழந்தையானால் வாய்க்குள் ஸ்பூன் விட்டு நாக்கை அழுத்திப் பார்க்கவே கூடாது, அழ வைக்கவும் கூடாது. அந்த ஒரு அழுகையிலேயே வழி முழுதாக அடைபடலாம். கஷாயம், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். நேரே 108. மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் மூச்சுக்குக் குழாய் வைத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குழாயை எடுத்துவிடலாம். வைத்தியம் கஷ்டமில்லை. நேரம்தான் கஷ்டம்.

சூளைச் சீசன் ஜனவரியில் மறுபடி ஆரம்பிக்கும். நர்ஸ் பெண்ணிடம் பேசிவிட்டேன். பொங்கல் முடிந்த இரண்டாவது புதன்கிழமை காலை 9 மணிக்கு சோழவரம் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். நாலு பேர் வந்தால் ஒரு ஷேர் ஆட்டோ போதும். ஒடியாவோ இந்தியோ தெரிந்தவர் யாராவது இருந்தால் உபகாரம். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்களே. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வாருங்கள். சூளையில் நிழல் கிடையாது.